கேட்டுக்கொண்டிருப்பவர்கள்

2021 ஜூலை. இரண்டாம் அலை ஓய்ந்துகொண்டிருந்த நேரம். தென்மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றின் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு இணையவழியில் பைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது. நண்பனின் அக்கா அங்கே உதவிப் பேராசிரியர். "பசங்க காலேஜ்ல சேர்ந்ததுல இருந்து லேப்ல உக்காந்தது மொத்தமா ஒரு மாசம்கூட இருக்காதுடா. நீ ஒரு பத்து வாரம் வந்து எடு" என்றார். சரி அக்கா என்றேன்.

58 பேர். திரையில் 58 கறுப்புச் சதுரங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் எழுத்து. "நான் பேசறது கேக்குதா?" என்றால் பத்து நொடி மௌனம். பிறகு யாரோ ஒருவர் எழுத்தில் "எஸ் சார்" என்பார். "ஏதாவது சந்தேகம் இருக்கா?" மௌனம். "புரிஞ்சுதா?" "எஸ் சார்", "எஸ் சார்", "எஸ் சார்" என்று ஏழெட்டு வரி வந்து விழும். கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டு தண்ணீர்ச் சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. ஒன்றரை மணி நேரம் அப்படிப் பேசி முடித்தால் அன்று முழுக்க மண்டைவலி.

மூன்றாவது வாரம் பொறியாளன் செய்யும் காரியத்தைச் செய்தேன். பட்டியலில் இருந்து குலுக்கல் முறையில் ஒரு பெயரை எடுத்துத் தரும் பன்னிரண்டு வரி நிரலை எழுதினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதை ஓட்டுவேன். பெயர் வந்தவர் மைக்கைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். வகுப்பு சட்டென்று விழித்துக்கொண்டது. தடுமாறினார்கள், சிரித்தார்கள், தப்பும் தவறுமாகச் சொன்னார்கள். அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவரும் மற்ற பேராசிரியர்களிடம் சொன்னார்.

ஐந்தாவது வாரம் ஒரு மாணவியின் பெயர் வந்தது. வகுப்பு தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே வந்து, முடிந்த பிறகு கடைசியாகப் போகும் பெயர்களில் ஒன்று. இரண்டு தடவை கூப்பிட்டேன். மைக் திறந்தது. "சார்..." என்றாள். அதற்குப் பின்னால் ஓர் ஆணின் சத்தம். வார்த்தைகள் எல்லாம் தெளிவில்லை. தெளிவாகக் கேட்டவை போதும். அந்த போனைப் பற்றியும் அவளைப் பற்றியும் ஒரு வீட்டுக்குள் மட்டும் சொல்லக்கூடியவை. குழந்தை ஒன்று அழுதது. மைக் மூடப்படவில்லை, அவள் விரலுக்கு அப்போது வேறு வேலை இருந்திருக்க வேண்டும். வகுப்பை நடத்துபவன் என்ற முறையில் நான் மூடியிருக்கலாம். எனக்கு அது தோன்ற ஆறேழு நொடிகள் ஆயின. 57 பேர் கேட்டார்கள். பதிவும் ஓடிக்கொண்டிருந்தது. "நெட்வொர்க் பிரச்சினை போல, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரை எடுத்தேன்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்.

நான் செய்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எது தவறு என்பதில்தான் தெளிவு வர நாளாயிற்று. மைக்கை உடனே மூடாததா? பெயரைக் குலுக்கிப் போட்டதா? அல்லது அவள் குரல் எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று நினைத்ததா? முதலாவது என்றால் கைத்தவறு. இரண்டாவது என்றால் முறைத்தவறு, வேறு முறை தேடினால் போதும். மூன்றாவது என்றால் விஷயம் கொஞ்சம் ஆழமானது.

*

பகலில் நான் பார்க்கும் வேலையும் கிட்டத்தட்ட இதுதான் என்பது அந்த வாரம்தான் உறைத்தது. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு இணையவழிப் பயிற்சி தருவதற்கான தளம் ஒன்றை உருவாக்கும் இடத்தில் அப்போது வேலை செய்தேன். காணொளியைப் பார்ப்பவர் உண்மையிலேயே பார்க்கிறாரா என்று அளப்பது என் குழுவின் பொறுப்பு. ஓட்டினால், நிறுத்தினால், முன்னே தள்ளினால், வேகத்தைக் கூட்டினால், ஒவ்வொன்றுக்கும் உலாவியிலிருந்து ஒரு செய்தி வரும். அது போக முப்பது நொடிக்கு ஒரு முறை "இன்னும் ஓடுகிறது" என்று ஒரு செய்தி. அதற்கு எங்கள் தொழிலில் இதயத்துடிப்பு என்றே பெயர். வேறு பக்கத்துக்குப் போய்விட்டால் துடிப்பு நின்றுவிடும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண். அதன் பெயர் என்கேஜ்மென்ட் ஸ்கோர்.

அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் வைக்க முயன்றால் இரண்டு சொற்கள் வந்து நிற்கின்றன: பங்கேற்பு, ஈடுபாடு. பங்கேற்பு கண்ணுக்குத் தெரிவது. கை தூக்குவது, பேசுவது, பொத்தானை அமுக்குவது. ஈடுபாடு உள்ளே நடப்பது. கச்சேரியில் தாளம் போடுபவரின் பங்கேற்பு தெரியும். தூணோரம் கண்மூடி உட்கார்ந்திருப்பவர் ராகத்தில் இருக்கிறாரா தூக்கத்தில் இருக்கிறாரா என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. நாங்கள் அளந்தது பங்கேற்பை. விற்றது ஈடுபாடு என்ற பெயரில்.

பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை திரையில் ஒரு பெட்டி வரும். "இருக்கிறீர்களா?" என்று கேட்கும். "ஆம்" என்ற ஒரே பொத்தான். முப்பது நொடிக்குள் அமுக்காவிட்டால் காணொளி நின்றுவிடும். அதை எழுதியவன் நான்தான். ஒருநாள், மூன்று மாதமாக நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பயனரின் பதிவேட்டைப் பார்த்தோம். பெட்டி வந்து சரியாக இரண்டாவது நொடியில் பொத்தான் அமுக்கப்பட்டிருந்தது, ஒவ்வொரு முறையும். மனித விரல் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஆள் ஒரு குட்டி ஜாவாஸ்கிரிப்ட் எழுதி உலாவியில் ஓடவிட்டிருந்தார். அவர் படித்துக்கொண்டிருந்ததோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கான நிரலாக்கப் பயிற்சி. அந்தப் பயிற்சியில் உருப்படியாக எதையாவது செய்து காட்டியவர் அவராகத்தான் இருக்கும். அறை முழுக்கச் சிரித்தோம். பிறகு பெட்டி வரும் இடத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றி வரும்படி எழுதச் சொன்னார் மேலாளர். எழுதினேன்.

ஓர் அளவு எப்போது இலக்காக மாறுகிறதோ அப்போதே அது அளவாக இருக்கும் தகுதியை இழந்துவிடுகிறது என்ற கருத்துக்குப் பொருளியலில் குட்ஹார்ட் விதி என்று பெயர். சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பிரிட்டனின் பணக் கொள்கை பற்றிச் சொல்லப்போக, இன்று எல்லாத் துறைக்கும் பொருந்தும் வாக்காகிவிட்டது. ஆனால் என்னை உறுத்தியது வேறு. அந்த ஜாவாஸ்கிரிப்ட் ஆள் பொய் சொன்னாரா? ஒரே ஒரு பதிலை மட்டும் ஏற்கும் கேள்வி, கேள்வியே இல்லை. "இருக்கிறீர்களா?" என்பதற்கு "இல்லை" என்று சொல்ல அங்கே வழி கிடையாது. கேட்பதுபோல் நடித்தது நான். பதில் சொல்வதுபோல் நடித்தது அவர். இதே நாடகத்தைத்தான் சனிக்கிழமை காலையில் "புரிஞ்சுதா?", "எஸ் சார்" என்று நடத்திக்கொண்டிருந்தோம்.

சிமோன் வெய்ல் 1942இல் பள்ளிப் படிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கவனி என்று அதட்டினால் பிள்ளைகள் புருவத்தைச் சுருக்குவார்கள், மூச்சைப் பிடிப்பார்கள், தசைகளை இறுக்குவார்கள்; இரண்டு நிமிடம் கழித்து எதைக் கவனிக்கிறாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது என்கிறார். அவர்கள் எதையும் கவனித்திருக்கவில்லை, தசையைத்தான் இறுக்கியிருந்தார்கள். என் தளம் அளந்ததும் தசையைத்தான். ஒரே ஒரு விரல் தசையை.

*

இணையவழிக் கல்வியின் மீது வைக்கப்பட்ட பெரிய நம்பிக்கையும் பெரிய ஏமாற்றமும் இந்த எண்களைச் சுற்றியே நடந்தவை. 2011 இலையுதிர்காலத்தில் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் ஸ்டான்ஃபோர்டிலிருந்து செயற்கை நுண்ணறிவு வகுப்பை இணையத்தில் இலவசமாகத் திறந்தார்கள். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பதிந்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். அடுத்த ஆண்டே உடாசிட்டி, கோர்செரா, எடெக்ஸ் எல்லாம் வந்தன. பதியும் கூட்டம் பெருகப் பெருக, முடிப்பவர்களின் விகிதம் தேய்ந்தது. எடெக்ஸில் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் நடத்திய வகுப்புகளின் ஆறு ஆண்டுத் தரவை ஜஸ்டின் ரீச்சும் இன்னொருவரும் ஆராய்ந்து 2019இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். 2017-18இல் வகுப்பில் நுழைந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். பதிந்தவர்களில் பாதிக்கு மேல் உள்ளே நுழைந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: மாணவர்களை ஈடுபடுத்த வேண்டும். காணொளியைச் சிறிதாக்கு. பிலிப் குவோ என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 69 லட்சம் முறை காணொளி பார்க்கப்பட்டதை ஆராய்ந்து, ஆறு நிமிடத்துக்கு மேல் பெரும்பாலானோர் தாங்குவதில்லை என்று 2014இல் எழுதினார்கள். எங்கள் அலுவலகத்தில் அது வேதவாக்கு. ஆறு நிமிடத்துக்கு மேல் காணொளியே கூடாது என்று விதி. அந்த ஆய்வு அளந்தது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை. எவ்வளவு கற்றார்கள் என்பதை அல்ல. இந்த வேறுபாட்டை நானும் கூட்டங்களில் சொன்னதில்லை.

நான் இன்னும் அதிகம் யோசித்தது இன்னோர் ஆய்வைப் பற்றி. ரெனே கிசில்செக் முதலானோர் 2013இல் ஸ்டான்ஃபோர்டின் மூன்று கணினியியல் இணைய வகுப்புகளை எடுத்துக்கொண்டு மாணவர்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். முடிப்பவர்கள். பாதியில் விடுபவர்கள். அங்கங்கே எட்டிப் பார்ப்பவர்கள். நான்காவதாக, காணொளிகளைப் பார்த்துக்கொண்டே வந்து, வீட்டுப்பாடங்களை அரிதாகவே செய்தவர்கள் அல்லது செய்யவே செய்யாதவர்கள். கணக்கின்படி இந்த நான்காம் வகை தோல்வி. அவர்களைக் கேட்டால், வந்த வேலை முடிந்தது என்பார்கள்.

நம் ஊரில் என்பிடெல் இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. 2014 முதல் சான்றிதழும் தருகிறார்கள். வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் வாங்கியவர்களை எண்ணிவிடலாம். தேர்வுக்கு முந்தைய இரவில் தன் கல்லூரி வாத்தியார் நடத்தாத பாடத்தை அந்தக் காணொளிகளில் ஒன்றைப் பார்த்துப் புரிந்துகொண்டவர்களை யார் எண்ணுவது? என் தலைமுறைப் பொறியாளர்களில் பலர் அப்படித் தேறியவர்கள்தான். எந்தக் கணக்கிலும் வராத மாணவர்கள்.

*

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணவர்களைப் பற்றிய பகுதி எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். அன்னமும் பசுவும் போன்றவர்கள் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றவர்கள் நடுத்தரம். பொத்தல் குடம், ஆடு, எருமை, நெய்யை வடிக்கும் பன்னாடை ஆகியவை கடைசி. பல ஆண்டு கழித்து அதை மறுபடி படித்தபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, இந்த எட்டில் வகுப்பில் வாய் திறந்து பதில் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கிளி. அதற்கு நடு இடம்தான். என் ஸ்கோரில் கிளிக்கு நூற்றுக்கு நூறு.

இரண்டு, பசு. அது புல் கண்ட இடத்தில் வயிறு நிறைய மேயும், பிறகு ஓரிடத்தில் போய்ப் படுத்து, மேய்ந்ததை மேலே கொண்டுவந்து அசைபோடும். அதாவது தலைசிறந்த மாணவரின் முக்கியமான வேலை வகுப்பு முடிந்த பிறகு, ஆசிரியர் பார்க்காத இடத்தில் நடக்கிறது. மேயும் நேரத்தில் அதைப் பார்த்தால் ஆட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆடு நாலு செடியில் நாலு வாய் கடித்துவிட்டு நகர்ந்துவிடும். துடிப்பாக வேறு இருக்கும். என் கருவிக்கு ஆட்டைத்தான் பிடிக்கும்.

ஆனால் நன்னூலார் மௌனத்தின் பக்கம் நிற்கிறார் என்று சொல்லிவிட முடியாது. அதே பகுதியில் கேட்டதை நினைத்துப் பார்ப்பதோடு, உடன் கற்பவரோடு பழகுவது, அவர்களிடம் வினாவுவது, அவர்கள் வினாவியதற்கு விடை சொல்வது எல்லாம் கற்கும் முறையாகச் சொல்லப்படுகின்றன. ஒரு கணக்கும் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் வந்து சேர்வது கால் பங்குதான். சக மாணவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது. எழுநூறு ஆண்டுக்கு மேல் பழைய இந்தக் கணக்கின்படி, ஒன்றரை மணி நேரம் நான் தொண்டை வறளப் பேசியது உச்சபட்சமாகக் கால் பங்கு. மீதி முக்காலுக்கு நான் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. கால் பங்குக்குள்ளேயே குலுக்கல் போட்டுக்கொண்டிருந்தேன்.

தமிழில் பாடம் கேட்பது என்றுதான் சொல்வார்கள். உ.வே.சா. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். "கேள்" என்பதற்கு செவிகொடு என்றும் பொருள், வினாவு என்றும் பொருள். இதைச் சொல் விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வேலையின் இரு பாதிகள், ஒன்று போதுமான அளவு நடந்தால் மற்றது தானாக வரும் என்ற அனுபவம் அந்தச் சொல்லுக்குள் இருப்பதாக நினைக்கிறேன். செவியால் கேட்பதற்கு அவகாசம் தராமல் வாயால் கேள் என்று நான் நெருக்கினேன்.

*

இந்த இடத்தில் நிறுத்தினால் கட்டுரை எனக்கு வசதியாக முடிந்துவிடும். மௌனமாக இருப்பவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிடலாம், எல்லோரும் பசுக்கள், எங்கோ அசைபோட்டுக்கொண்டிருப்பார்கள். அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். நான் அப்படி ஒரு மௌனத்தில் மூழ்கியவன்.

பொறியியல் இரண்டாம் ஆண்டு, சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ். கடைசிக்கு முந்தைய பெஞ்ச். ஃபூரியர் உருமாற்றம் தொடங்கிய நாளில் நழுவினேன், அதற்குப் பிறகு கரையே தெரியவில்லை. வாத்தியார் நல்லவர். யாரையும் எழுப்பிக் கேள்வி கேட்டு அவமானப்படுத்தியதில்லை. "புரிஞ்சுதா?" என்பார், முன்வரிசை தலையாட்டும், போய்விடுவார். பதினாறு மார்க் கேள்விகளை வரி விடாமல் மனப்பாடம் செய்து தேறினேன். இன்றுவரை அந்தப் பாடம் எனக்குள் ஒரு பூட்டிய அறை. அவர் என்னைத் தொந்தரவு செய்யாமல் விட்டது மரியாதையா, கைவிடலா? அன்று மரியாதை மாதிரி இருந்தது.

ஆக, சிக்கல் இதுதான். கேட்டுக்கொண்டிருப்பவரின் மௌனமும் மூழ்கிக்கொண்டிருப்பவரின் மௌனமும் வெளியிலிருந்து ஒன்றுபோல இருக்கும். பிரித்தறிய வேண்டுமென்றால் தொட்டுப் பார்த்தாக வேண்டும். தொட்டால் சிலருக்கு வலிக்கும். தொடாவிட்டால் சிலர் போய்விடுவார்கள்.

நேர் வகுப்பில் இந்தத் தொடுகைக்கு ஒரு காப்பு இருந்தது. வகுப்பறை என்பது வீட்டை வெளியே நிறுத்தும் இடம். பள்ளிச் சீருடைக்குச் சொல்லப்படும் காரணமும் அதுதானே: உள்ளே வந்துவிட்டால் யார் வீட்டில் என்ன என்பது தெரியக் கூடாது. எழுந்து நின்று தப்பாகப் பதில் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள், மணி அடிக்கும், காற்றில் போய்விடும். இணைய வகுப்பில் பதில் சொல்பவர் தன் வீட்டிலிருந்து சொல்கிறார். ஒரே அறை, ஒரே போன், பக்கத்தில் படுத்திருக்கும் பாட்டி, அடுப்படி, சண்டை எல்லாம் மைக்குக்குள் வரும். தப்பு பதிவாகி நிற்கும். என் நிரல் அந்த மாணவியிடம் கேட்டது லூப்பைப் பற்றிய ஒரு சின்னக் கேள்வி. அவள் பதில் சொல்லத் திறக்க வேண்டியிருந்தது தன் வீட்டின் கதவை. இந்த விலை 58 பேருக்கும் ஒன்றல்ல. தனி அறையும் லேப்டாப்பும் உள்ளவனுக்கு அது ஒன்றுமே இல்லை. குலுக்கல் எல்லோரையும் சமமாக நடத்துகிறது என்று நினைத்திருந்தேன்.

*

மாணவருக்குக் கடமையே இல்லையா? உண்டு என்றுதான் நினைக்கிறேன். 58 பேரும் வாய் திறக்காவிட்டால் வகுப்பு செத்துவிடும். ஒருவர் துணிந்து ஓர் அசட்டுக் கேள்வியைக் கேட்கும்போது அதே கேள்வியை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருக்கும் இருபது பேருக்கு உதவி செய்கிறார். யாருமே செய்யாவிட்டால் எல்லோருக்கும் நஷ்டம். ஊர்க்கண்மாய் தூர்வாருவது மாதிரி, அவரவர் பங்கு என்று ஒன்று இருக்கிறது.

ஆனால் கடமை இருப்பது வேறு, அதை வசூலிக்கும் உரிமை இன்னொருவருக்கு இருப்பது வேறு. காண்ட் 1797இல் எழுதிய அறநூலில் கடமைகளை இரண்டாகப் பிரிக்கிறார். வாங்கிய கடனைத் திருப்புவது போன்றவற்றைக் கட்டாயப்படுத்தலாம். பிறருக்கு உதவுவது போன்றவற்றை வெளியிலிருந்து கட்டாயப்படுத்த முடியாது; எப்போது, எவ்வளவு, யாருக்கு என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். வகுப்பில் பேசுவது இரண்டாம் வகை என்று எனக்குப் படுகிறது. நான் அதை முதல் வகையாக நினைத்து, வட்டிக்காரன் மாதிரி பட்டியலோடு வாசலில் போய் நின்றேன்.

அப்படியானால் ஆசிரியர் செய்யக்கூடியது அழைப்பது. மறுக்க முடிகிற அழைப்புதான் அழைப்பு. பந்தியில் நன்றாகப் பரிமாறுபவர் இலையைப் பார்த்துக்கொண்டே வருவார். கையை லேசாக இலைக்கு மேல் காட்டினால் போதும், அடுத்த இலைக்குப் போய்விடுவார். ஏன் வேண்டாம் என்று கேட்க மாட்டார். அதற்காக மறு சுற்றில் உங்களை விட்டுவிடவும் மாட்டார். வாத்தியார் என்னை அழைக்கவே இல்லை. நான் அவளை மறுக்கவே விடவில்லை.

இன்னொன்றும் உண்டு. தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு விலை இருக்கிறது என்றால் அதை முதலில் கொடுக்க வேண்டியவர் ஆசிரியர். குலுக்கல் நிரலில் என் செலவு பன்னிரண்டு வரி. மீதியை எல்லாம் அவர்கள் தலையில் வைத்திருந்தேன். ஏழாவது வாரத்திலிருந்து மாற்றிப் பார்த்தேன். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "இன்னிக்கு எந்த இடத்துல விட்டீங்க?" புரிந்ததா என்று கேட்கவில்லை. விட்டிருப்பார்கள் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் கேள்வி. எனக்கு யாராவது அன்று ஃபூரியரில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பதில் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. முதல் வாரம் 19 பதில் வந்தது. "சார் ரேஞ்ச்ல கடைசி நம்பர் ஏன் வரமாட்டேங்குது" என்று ஒருவன் இரவு பதினொன்றரைக்குக் கேட்டான். "போன்ல கோட் அடிச்சா ஸ்பேஸ் தப்பா விழுது சார்" என்று ஒருத்தி எழுதினாள். பாதிப் பேரிடம் லேப்டாப் இல்லை என்பதும், போனின் சின்ன விசைப்பலகையில் பைத்தான் அடிக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆறு வாரமாக நான் திரையில் மூன்று சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறேன்.

நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒரு வாரம் ஒருவர் மற்ற மூவருக்கு ஒரு சின்ன நிரலை விளக்க வேண்டும் என்று வைத்தேன். நன்னூலின் அந்த அரைப் பங்குக்காக. குரல் பதிவாக அனுப்பலாம், வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில், பத்துத் தடவை அழித்துவிட்டுப் பதினோராவதை அனுப்பலாம். நான் அதற்குள் வரமாட்டேன். சில குழுக்கள் நன்றாகப் போயின. சில, இரண்டாவது வாரமே நின்றுபோயின. வகுப்பில் நானே தப்பு நிரலை எழுதி, தேடித் தேடித் திருத்துவதைத் திரையில் காட்டியதும் கொஞ்சம் உதவியது. கடைசிவரை ஒரு வார்த்தைகூடப் பதில் அனுப்பாதவர்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் யார் பசு, யார் மூழ்கியவர் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே முடிந்தது.

58 பேருக்குத் தனித்தனியாக எழுத வாரத்துக்கு மூன்று மாலைகள் ஆயின. இது பெருகாது என்று என் தொழில்புத்தி சொல்லிக்கொண்டே இருந்தது. 58,000 பேருக்கு என்ன செய்வாய்? அதற்கு நான் கண்டுபிடித்த பதில், 58,000 பேருக்கு நடத்துவது வகுப்பே இல்லை என்பது. அது நூலகம். நூலகம் கேவலமான விஷயம் அல்ல. 1896இலிருந்து கன்னிமாரா திறந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவரின் தோளைப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தட்டி "இருக்கிறீர்களா?" என்று யாரும் கேட்பதில்லை. புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்தவரைத் தோல்விக் கணக்கில் எழுதுவதில்லை. அந்த மூன்று சதவீதம் என்ற எண் நூலகத்தைப் பற்றியதாக இருந்தால் யாரும் பதறமாட்டார்கள். நூலகத்துக்கு ஒரு கண்ணியம் உண்டு, அது கேள்வி கேட்பதில்லை. வகுப்புக்கு ஒரு கண்ணியம் உண்டு, அங்கே ஒருவர் இன்னொருவருக்காக நேரம் செலவழிக்கிறார். நாங்கள் கட்டியது நூலகம். அதில் அரட்டும் பொத்தான் ஒன்றை வைத்து வகுப்பு என்று விற்றோம்.

*

அந்த மாணவிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பெயரைக் குலுக்கிப் போட்டது என் தவறு, பதிவில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டேன், வகுப்புக்கு வந்தாலும் வராவிட்டாலும் பாடக் குறிப்புகளை அனுப்புகிறேன் என்று. மூன்று நாள் கழித்து இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் இல்லை. பத்து வாரமும் குறிப்புகளை அனுப்பினேன். நீலக் கோடுகள் சில நாள் அன்றே வரும், சில நாள் ஒரு வாரம் ஆகும். அக்காவிடம் பிறகு விசாரித்தேன். "செமஸ்டர் எழுதினாடா, வரா" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்கா அவளைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்.

அலுவலகத்தில் அந்தப் பெட்டியை எடுத்துவிடலாம் என்று ஒரு கூட்டத்தில் பேசினேன். கன்னிமாரா கதையைக்கூடச் சொன்னேன். மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாஸ்தவம்தான்பா. ஆனா கிளையன்ட் பணம் கொடுக்கறதே அந்த நம்பருக்குத்தான்" என்றார். கடைசியில் பன்னிரண்டு நிமிடத்தை இருபதாக்க ஒப்புக்கொண்டார்கள். அந்த மாற்றத்தையும் நான்தான் எழுதினேன். ஒரே வரி.